ஸ்கால்ப் எக்ஸ்ஃபோலியேஷன்: சுரண்டாமல் தலைத்தோலைச் சுத்தம் செய்யும் முறை

பேன்சீப்பால் பொடுகைச் சுரண்டி எடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறையவே உண்டு. மடியில் துண்டை விரித்து, தலையைக் குனிந்து, சீப்பை அழுத்தி இழுத்தால் வெள்ளை வெள்ளையாகக் கொட்டும். பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் சில நாளிலேயே முன்பைவிட அதிகமாகச் செதில் கிளம்பும். கீறல் பட்ட தோல், அதை ஆற்றும் அவசரத்தில் புதுச் செல்களை வேகமாக உண்டாக்குகிறது. முழுதாக முதிராத அந்தச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே மேலே வந்து கொத்தாக உதிர்கின்றன. சுரண்டியதற்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

மேல்தோலின் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். நல்ல நிலையில் உள்ள தலையில் இவை தனித்தனியாக உதிர்வதால் கண்ணுக்கே தெரியாது. தலைத்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. சுரக்கும் எண்ணெய், வியர்வை, நாம் தடவும் தேங்காய் எண்ணெய், சரியாக அலசாத கண்டிஷனர், ஜெல், உப்புத் தண்ணீரின் படிவு எல்லாம் சேர்ந்து இறந்த செல்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்போதுதான் தலை பிசுபிசுப்பதும், அரிப்பதும், குளித்த மறுநாளே நாற்றம் வருவதும். அந்தப் படலத்தை இளக்கி, செல்களின் பிணைப்பைத் தளர்த்தி, தண்ணீரோடு வெளியேற்றுவதைத்தான் ஸ்கால்ப் எக்ஸ்ஃபோலியேஷன் என்கிறார்கள். இதில் கைபலத்துக்கு வேலை இல்லை. அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறவைத்துவிட்டுக் கழுவுகிறவருக்கு இது சொல்லாமலே புரியும்.

விளம்பரங்கள் சொல்லும் இரண்டு விஷயங்களை இங்கேயே ஓரமாக வைத்துவிடலாம். அடைபட்ட துவாரத்தைத் திறந்தால் வழுக்கையில் முடி முளைக்கும் என்பது ஒன்று. பரம்பரை வழுக்கைக்குக் காரணம் ஹார்மோனும் மரபணுவும். அழுக்கு அடைப்பு அல்ல. எல்லோரும் வாரா வாரம் செய்தாக வேண்டும் என்பது இன்னொன்று. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தலைக்குக் குளித்து, அரிப்போ செதிலோ பிசுக்கோ இல்லாமல் இருப்பவருக்குத் தனியாக இது தேவையே இல்லை.

முதலில் செதிலைப் பாருங்கள்

தலையில் தெரியும் வெள்ளை எல்லாம் பொடுகு அல்ல. வெளிச்சத்தில் முடியை வகிடு பிரித்து, முன்தலை, உச்சி, காதுக்குப் பின்புறம், பிடரி ஆகிய நான்கு இடங்களையும் பாருங்கள். பிடரியைப் பார்க்க இன்னொருவர் உதவி வேண்டும், அல்லது கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விரல் நுனியால் லேசாக வழித்தால் நகத்தில் சாம்பல் நிற மெழுகு போலச் சேர்ந்து, அரிப்பு அதிகம் இல்லையென்றால், அது பெரும்பாலும் எண்ணெயும் கண்டிஷனரும் சேர்ந்த படிவு. எக்ஸ்ஃபோலியேஷனால் நன்றாகப் பலன் கிடைப்பது இதில்தான். மஞ்சள் கலந்த எண்ணெய்ப்பசையுள்ள செதில், கூடவே அரிப்பு, சில சமயம் புருவத்திலும் மூக்கோரத்திலும் அதே செதில் என்றால் அது பொடுகின் கடுமையான வடிவம். அதற்கு மலசீசியா என்ற பூஞ்சையும் ஒரு காரணம். செதிலை மட்டும் எடுத்தால் திரும்பத் திரும்ப வரும். பூஞ்சைக்கான ஷாம்புவும் வேண்டும். அழுக்கோ பிசுக்கோ இல்லாமல் பொடிப்பொடியாக, காய்ந்து, இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வோடு உதிர்வது வறண்ட தோல். இந்தத் தலையில் செதிலை இளக்கும் அமிலமும், துகளால் தேய்க்கும் ஸ்க்ரப்பும் போட்டால் நிலைமை மோசமாகும். அடிக்கடி கடுமையான ஷாம்பு போடுவதையும் வெந்நீரில் குளிப்பதையும் நிறுத்தினாலே இவர்களுக்குப் பாதி சரியாகிவிடும்.

இன்னும் சில, வீட்டு வைத்தியத்தில் சேராதவை. வெள்ளி நிறத்தில் தடித்த ஏடு, அடியில் சிவப்பு, முடி எல்லை தாண்டி நெற்றியிலோ காதுக்குப் பின்னோ இறங்கியிருந்தால் சோரியாசிஸாக இருக்கலாம். அதைச் சுரண்டினால் காயப்பட்ட இடத்திலேயே புதுத் திட்டு கிளம்பலாம். குழந்தையின் தலையில் வட்டமாகச் செதில் படர்ந்து, அந்த இடத்தில் முடி ஒடிந்து கட்டையாக நின்றால் அது படர்தாமரை வகை. மாத்திரை இல்லாமல் போகாது. முடியின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, இழுத்தாலும் நகராத வெள்ளைப் பொட்டு ஈர். அதே வெள்ளை, குழாய் போல முடியைச் சுற்றி இருந்து, இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தால் அது முடியுறைச் செதில், பயப்பட ஒன்றுமில்லை.

யார் செய்யக்கூடாது

தலையில் புண், சீழ்க்கொப்புளம், நீர் வடிதல், புதிதாகக் கீறிய காயம் இருந்தால் ஆறும்வரை எதுவும் வேண்டாம். செதிலை இளக்க அதிகம் பயன்படுவது சாலிசிலிக் அமிலம்; ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள் அதைத் தொடக்கூடாது. இரண்டும் ஒரே குடும்பம். கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்ட பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது கூடவே கூடாது. கைக்குழந்தையின் உச்சியில் படியும் மஞ்சள் ஏட்டுக்குச் சிறிது எண்ணெய் தடவி ஊறவிட்டு, மென்மையான பிரஷால் வருடி, குழந்தை ஷாம்புவில் அலசினாலே போதும். பிய்த்து எடுக்க வேண்டாம்.

வேண்டுதலுக்கு மொட்டை போட்டு வந்தவர்கள் குறைந்தது ஒரு வாரம் பொறுக்க வேண்டும். சவரக்கத்தி பட்ட தலையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் நிறைய இருக்கும். முடி வளரத் தொடங்கும்போது வரும் அரிப்பை அழுக்கு என்று நினைத்து ஸ்க்ரப் தேய்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

முடிக்குச் சாயம் போடுவதற்கு மூன்று நாள் முன்பும் பின்பும் செய்யாதீர்கள். மேல்படலம் போன தோலில் சாயம் பட்டால் எரிச்சலும் ஒவ்வாமையும் எளிதில் வரும். முடி வளர மினாக்ஸிடில் என்ற மருந்து போடுகிறவர்கள் எக்ஸ்ஃபோலியேட் செய்த அன்று இரவு அதைத் தவிர்ப்பது நல்லது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: மினாக்ஸிடில் கரைசலில் உள்ள புரோப்பிலீன் கிளைகால் என்ற கரைப்பான் சிலருக்குத் தானாகவே செதிலை உண்டாக்கும். பொடுகு என்று நினைத்து அதன்மேல் அமிலம் போட்டுக்கொண்டே போனால் செதில் நிற்கவே நிற்காது.

சாலிசிலிக் அமிலம்

தலைக்கு மிகவும் பொருத்தமானது இதுதான். எண்ணெயில் கரையும் தன்மை உள்ளதால் பிசுக்குக்குள் ஊடுருவும்; இறந்த செல்களை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தும். முடி அடர்ந்த இடத்தில் துகள் ஸ்க்ரப் போகாத மூலைக்கும் திரவம் போகும். கடையில் இரண்டு வடிவத்தில் கிடைக்கிறது: ஷாம்பு, குளிப்பதற்கு முன் தடவும் சீரம். முதல்முறை செய்கிறவர் ஷாம்புவில் தொடங்குங்கள். 2 முதல் 3 சதவீதம் இருந்தால் போதும். சதவீதம் அச்சிடாத புட்டியை வாங்க வேண்டாம். அமிலப் பொடி வாங்கி வீட்டில் கரைக்கும் யோசனையும் வேண்டாம். சமையலறைக் கரண்டியால் 2 சதவீதத்தை அளக்க முடியாது.

முந்தின நாள் காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி, சொன்ன நேரம் வைத்து, கழுவிவிட்டு, 24 மணி நேரம் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் மேலே போகலாம்.

1. உலர்ந்த முடியை அகலப்பல் சீப்பால் சிக்கெடுங்கள். ஈரத்தில் சிக்கெடுத்தால் முடி அறுபடும்.

2. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம், அடர்ந்த முடி என்றால் இரண்டு நிமிடம், தோல்வரை நனையுங்கள். மேலோட்டமாக நனைத்தால் ஷாம்பு முடியிலேயே நின்றுவிடும். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம்.

3. தலையில் எண்ணெய் இருந்தால் முதலில் சாதாரண ஷாம்பு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி போட்டு அலசிவிடுங்கள். எண்ணெய்த் தலையில் நேராக மருந்து ஷாம்புவைக் கொட்டினால் அது எண்ணெயை எடுப்பதிலேயே தீர்ந்துபோகும். தோலுக்கு ஒன்றும் மிஞ்சாது.

4. சாலிசிலிக் ஷாம்பு 8 முதல் 10 மில்லி. இடுப்புவரை முடி இருந்தாலும் இந்த அளவே, ஏனென்றால் இது தோலுக்கானது. உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, முன்தலை, உச்சி, இரு பக்கம், பிடரி என்று வகிடு பிரித்து வையுங்கள். உச்சியில் மொத்தமாக ஊற்றித் தேய்த்தால் உச்சி எரியும். பிடரி அப்படியே இருக்கும்.

5. நகத்தை விட்டுவிட்டு விரலின் சதைப்பகுதியால் இரண்டு நிமிடம் அழுத்தித் தளர்த்துங்கள். தோலின் மேல் விரல் வழுக்கக்கூடாது. விரலோடு சேர்ந்து தோல் அசைய வேண்டும். வித்தியாசம் செய்து பார்த்தால் உடனே தெரியும். வழுக்கினால் முடி சிக்காகும், தோல் சிவக்கும்.

6. 3 முதல் 5 நிமிடம் அப்படியே விடுங்கள். முதல்முறை மூன்றே போதும். பலருக்கு இது வேலை செய்யாமல் போவதற்குக் காரணம், போட்ட வேகத்தில் அலசிவிடுவதுதான். கடிகாரத்தைப் பாருங்கள், நுரையோடு நிற்கும்போது ஒரு நிமிடமே ஐந்து நிமிடம் மாதிரித் தோன்றும். லேசான குறுகுறுப்பு இருக்கலாம். எரிச்சல் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றாலோ கூடினாலோ உடனே கழுவுங்கள்.

7. இரண்டு மூன்று நிமிடம் ஓடும் தண்ணீரில் அலசுங்கள். வாளியும் செம்புமாகக் குளிப்பவர்கள் ஒரு முழு வாளியை அலசுவதற்கென்றே ஒதுக்குங்கள். காதுக்குப் பின்புறமும் பிடரியும்தான் நுரை தங்கும் இடங்கள். அங்கே மட்டும் மறுநாள் அரித்தால் அலசியது போதவில்லை என்று பொருள்.

8. கண்டிஷனரைக் காதுமட்டத்துக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் போடுங்கள். இப்போதுதான் சுத்தம் செய்த தோலில் மறுபடி பூச வேண்டாம்.

ஈரத்தலையோடு கொண்டை போடுவதும் உடனே ஹெல்மெட் மாட்டுவதும் வேண்டாம். உள்ளே மணிக்கணக்கில் ஈரம் நிற்கும். பூஞ்சைக்கு அதைவிட வசதி வேறு இல்லை.

சீரம் என்றால் வரிசை மாறும். உலர்ந்த, எண்ணெய் வைக்காத தலையில் தடவ வேண்டும். எண்ணெய் இருந்தால் தண்ணீர்க் கரைசல் அதன்மேல் உருண்டு நிற்குமே தவிர தோலைத் தொடாது. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு வகிடு எடுத்து, சொட்டுக்குழாயின் முனையைத் தோலுக்கு அருகே வைத்து விடுங்கள். மொத்தத் தலைக்கும் 3 முதல் 5 மில்லி போதும். நெற்றிக்கு வழியாமல் இருக்க முடி எல்லையில் வாசலின் மெல்லிதாகத் தடவிக்கொள்ளலாம். முதல்முறை 10 நிமிடம், பழகிய பிறகு 15 முதல் 20 நிமிடம் வைத்து, சாதாரண ஷாம்பு போட்டு அலசுங்கள். சீரம் போட்ட அன்று சாலிசிலிக் ஷாம்பு வேண்டாம். உறையில் தயாரிப்பாளர் வேறு நேரம் எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஒவ்வொரு கலவையின் வீரியமும் வேறு.

கிளைகாலிக் அமிலம், லாக்டிக் அமிலம் கலந்த சீரங்களும் வருகின்றன. இவை தண்ணீரில் கரைபவை. பிசுக்கு இல்லாமல் மேலே செதில் மட்டும் உள்ள தலைக்கு ஆகும். எண்ணெய்த் தலைக்குச் சாலிசிலிக் போல ஆகாது. கிளைகாலிக் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் என்பதால் வகிட்டிலும் முடி மெலிந்த இடத்திலும் கவனம் தேவை. மறுநாள் வெளியே போனால் தொப்பியோ குடையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அரிக்கும் பொடுகு இருந்தால் இதோடு பூஞ்சைக்கான மருந்தான கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவையும் சேர்க்க வேண்டும். வாரம் இருமுறை, 3 முதல் 5 நிமிடம் வைத்து, இரண்டிலிருந்து நான்கு வாரம். அடங்கிய பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை. செதில் தடிப்பாக இருந்தால் அதே குளியலில் முதலில் சாலிசிலிக், அலசிவிட்டு அடுத்து கீட்டோகோனசோல். படலம் போன பிறகு மருந்து தோலைச் சேரும். மெல்லிய செதில் என்றால் வெவ்வேறு நாளில் போடுவதே தோலுக்கு இதம்.

எண்ணெய்க் குளியலோடு சேர்ப்பது

நம் எண்ணெய்க் குளியல் ஒருவகையில் இதே வேலைதான்: எண்ணெய் செதிலை ஊறவைக்கிறது, சீயக்காயோ அரப்போ அதை இழுத்துக்கொண்டு போகிறது. கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, எண்ணெயை இரவு முழுக்க விடுவது. மலசீசியா வாழ்வதே கொழுப்பை உண்டு. பொடுகு உள்ள தலையில் எண்ணெயோடு தூங்கினால் அதற்கு விருந்து வைத்த கதை. 20 முதல் 30 நிமிடம் போதும். தடித்து ஒட்டிய ஏடு என்றால் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை அந்தத் திட்டுகளில் மட்டும் தடவி, ஷவர் கேப் மாட்டி ஒரு மணி நேரம் வரை விடலாம். பிறகு மேலே சொன்ன ஷாம்பு வரிசை. தளர்ந்து வந்ததை மட்டும் எடுங்கள். ஒட்டியிருப்பதை மூன்று நான்கு நாள் கழித்து மறுபடி ஊறவையுங்கள். இழுத்தால் முடியும் வேரோடு வரும்.

இரண்டாவது, தூளின் கரகரப்பு. சீயக்காயின் அழுக்கு நீக்கும் பொருள் சப்போனின். அது தண்ணீரில் கரைந்துவிடும். நார், தோல், கொட்டைத் துண்டுகளுக்குத் தலையில் எந்த வேலையும் இல்லை. கீறுவதும், சீப்பில் வருவதும், பார்ப்பவருக்குப் பொடுகாகத் தெரிவதும்தான் அவை செய்வது. மெஷினில் அரைத்து வந்த தூளை அப்படியே குழைத்துத் தேய்ப்பதற்குப் பதில் வடித்துப் பயன்படுத்துங்கள். மூன்று மேசைக்கரண்டி தூளை 400 மில்லி சுடுதண்ணீரில் போட்டு 30 நிமிடம் மூடி வையுங்கள். பழைய வேட்டித் துணியில் பிழிந்து வடியுங்கள். முழுக் காயாக இருந்தால் எட்டுப் பத்துக் காயைக் கொட்டை நீக்கி அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிக்கலாம். அந்தத் தண்ணீரைத் தலையில் பகுதி பகுதியாக ஊற்றி, விரல் சதையால் தளர்த்தி, மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். அதற்குமேல் புளித்துவிடும்.

தூளாகத்தான் போடுவேன் என்றால், வஸ்திரகாயம் செய்யுங்கள்: மெல்லிய துணியில் சலித்து, விரலிடையில் தேய்த்தால் மணல் உணராத அளவுக்கு நைசாக. அரப்புக்கும் இதே விதி. உசிலை மர இலையை உலர்த்தி அரைத்த தூள் அது. இரண்டு மூன்று மேசைக்கரண்டியை வடிகஞ்சியில் தோசைமாவைவிட நீர்க்கக் கரைத்தால் வழவழப்பாகி உராய்வு குறையும். எண்ணெயை அடியோடு எடுத்துவிடும் என்பதால் வறண்ட தலைக்காரர்கள் எண்ணெய் வைக்காமல் அரப்பு மட்டும் போடக்கூடாது. இலைத்தூள் முடியில் தங்கும். அலச இரண்டு வாளித் தண்ணீர் வேண்டும். சீயக்காயோ அரப்போ கண்ணில் பட்டால் தண்ணீரால் உடனே கழுவுங்கள். கண் சிவப்பு மணிக்கணக்கில் நின்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சீயக்காயும் அரப்பும் எண்ணெயையும் அதோடு ஒட்டிய தளர்ந்த செதிலையும் எடுக்கும். சாலிசிலிக் போலச் செல்களின் பிணைப்பைத் தளர்த்தாது. பொடுகுக்கு மருந்தாகவும் நம்பியிருக்க முடியாது. படிவு மட்டும் உள்ள தலைக்கு நல்ல தேர்வு, அவ்வளவே.

ஸ்க்ரப்பும் பிரஷும்

துகள் தேவை என்று தோன்றினால் தண்ணீரில் கரையும் துகளாக இருக்கட்டும். மிக்ஸியில் பொடித்த சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, ஷாம்பு ஒரு மேசைக்கரண்டி. கலந்த உடனே போட வேண்டும், வைத்திருந்தால் கரைந்துபோகும். நனைந்த தலையில் ஒரு நிமிடம் மட்டும், அழுத்தாமல். காபித்தூள் கரையாது, முடியில் சிக்கும், சாக்கடையையும் அடைக்கும். கல்லுப்பு கீறும், கீறிய இடத்தில் எரியும். கடலைமாவு, பயத்தமாவில் வெந்நீர் பட்டால் பசையாகி வேரில் ஒட்டும். போட்டால் பச்சைத்தண்ணீரில்தான் அலச வேண்டும்.

எலுமிச்சையும் சமையல் சோடாவும் வீட்டுக் குறிப்புகளில் தவறாமல் வரும், இரண்டும் வேண்டாம். தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.ஹெச். சுமார் 5.5 (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). சோடாக் கரைசல் எட்டுக்கு மேல். முடியின் மேல் செதில்களைத் திறந்து சொரசொரப்பாக்கும். எலுமிச்சைச் சாறு இரண்டு சொச்சம்; கீறிய தலையில் எரியும். அதைவிட மோசம், சாறு வழிந்த நெற்றியிலும் கழுத்திலும் வெயில் பட்டால் தீக்காயம் போலச் சிவந்து, பிறகு வாரக்கணக்கில் கறுத்து நிற்கும். எலுமிச்சை இனத்தில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து செய்யும் வேலை அது.

சிலிகான் பிரஷ் வாங்கினால் முனை உருண்டையாக, விரலால் அழுத்தினால் வளைவதாகப் பாருங்கள். நுரை இருக்கும்போது மட்டும், இரண்டு நிமிடம், சிறு வட்டமாக. நீள முடிக்காரர்கள் வட்டம் சுற்றாமல் முன்னும் பின்னும் சிறிதாக அசைத்தால் சிக்காகாது. உலர்ந்த தலையில் வேண்டாம். கழுவி, குளியலறைக்கு வெளியே காயவையுங்கள். ஈரமான பிரஷும் எண்ணெய் ஏறிய சீப்பும் பிசுக்கை மறுபடி தலைக்கே கொண்டுவரும். சீப்பை வாரம் ஒருமுறை ஷாம்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில்

எல்லாம் சரியாகச் செய்தும் முடி கரகரப்பாக, தலை மாவு பூசியது போல இருந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். குழாய் முனையிலும் வாளி ஓரத்திலும் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் தலையிலும். சோப்புக்கட்டியால் தலை தேய்ப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து கரையாத பிசுக்காகும். இதை அமிலச் சீரம் தனியாக எடுக்காது. ஈ.டி.டி.ஏ. போன்ற, உலோக உப்பைப் பிடிக்கும் பொருள் உள்ள கிளாரிஃபையிங் ஷாம்புவை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுங்கள். அல்லது கடைசி அலசலுக்கு அரை லிட்டர் கேன் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி வினிகர் கலந்து ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் அலசுங்கள். தோலில் கீறல் இருந்தால் வினிகரைத் தவிருங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைக்கும் வீடு என்றால் கடைசி இரண்டு செம்பு அதுவாக இருந்தாலே வித்தியாசம் தெரியும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

எண்ணெய்ப்பசை அதிகம் உள்ள தலைக்கு வாரம் ஒருமுறை. நடுத்தரத் தலைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சுருள் முடிக்காரர்களுக்கும் கெமிக்கல் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்தவர்களுக்கும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் முடித்தண்டில் படாமல். ஒரே வாரத்தில் சீரமும் ஸ்க்ரப்பும் கூடாது. நான்கு வாரம் அதே அளவில் செய்து பார்த்த பிறகே கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யுங்கள். தோலின் ஒரு சுற்று முடிய அவ்வளவு ஆகும்.

அதிகமாகிவிட்டது என்பதற்கு அடையாளம் தெளிவாகவே இருக்கும்: தண்ணீர் பட்டாலே சுருக்கென்கும், தோல் இழுக்கும், வகிடு பளபளவென்று சிவக்கும், முன்பு இல்லாத பொடிச் செதில் வரும். முகத்துக்குச் சொல்வது போல “உள்ளே இருப்பது வெளியே வருகிறது” என்று தொடரக்கூடாது. இது எரிச்சல். எல்லா அமிலத்தையும், மெந்தால் கலந்த ஷாம்புவையும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். மென்மையான ஷாம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், வேறு ஒன்றும் வேண்டாம். அரித்தால் நகத்துக்குப் பதில் ஈரத்துணியை ஒற்றி எடுங்கள்.

குளிக்கும்போது முடி அதிகமாக வந்தால் உடனே பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. நாலு நாள் தலைக்குக் குளிக்காதவருக்கு அது மொத்தமாகக் கையில் வரும். ஆனால் திட்டுத்திட்டாக முடி போனாலோ, ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் அரிப்பும் செதிலும் குறையாவிட்டாலோ, தடித்த ஏட்டோடு மூட்டுவலியும் இருந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும் முன் இரண்டு நாள் எண்ணெய், சாயம், சீரம் எதுவும் வேண்டாம். செதில் அப்படியே இருந்தால்தான் அவரால் பார்த்துச் சொல்ல முடியும். வீட்டில் தலைக்குப் போடும் புட்டிகள் எல்லாவற்றையும், எண்ணெய்ப் புட்டி உட்பட, படம் எடுத்துக்கொண்டு போங்கள்.